பிறந்து பத்து நாள் ஆன பிள்ளைக்கு எதற்கு ஷூட்டிங்?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டுத் திட்ட வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் விலைப் பட்டியல் வந்தது. வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் அம்மாவுக்கு ஒரு ஷூட். குழந்தை பிறந்த 5ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் ஒரு ஷூட். பிறகு 3, 6, 9ஆம் மாதங்களில் தலா ஒன்று. முதல் பிறந்தநாளுக்குக் குழந்தை கேக்கைப் பிசைந்து முகமெல்லாம் பூசிக்கொள்ளும் ஷூட். கடைசியாக அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு ஒரு குடும்பப் படம். மொத்தமாக எடுத்தால் சலுகை உண்டு. பிறந்த குழந்தை ஷூட் மட்டும் தனியாக வேண்டுமென்றால் 18,000 ரூபாய்.

குழுவில் உடனே நாலைந்து பேர் இதயம் போட்டார்கள். நான் போடவில்லை. அங்கே வாயைத் திறந்தால் "டீச்சர் இன்னும் பிரம்பைக் கீழே வைக்கவில்லை" என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். வீட்டில் நடப்பதைப் படம் பிடிப்பது நல்ல காரியம். படம் பிடிப்பதற்காக வீட்டை நடத்துவது கெட்ட காரியம். இன்று நம் ஊர்களில் நடப்பது இரண்டாவது. அதற்கான விலையைக் கொடுப்பது வாய் பேசாத பச்சைக் குழந்தையும், எழுந்து உட்காரவே முடியாத பச்சை உடம்புக்காரியும்.

எனக்குப் படங்களே பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஸ்டூடியோ படங்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை, பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பிளாஸ்டிக் பூ. கணவன் நாற்காலியில், மனைவி பக்கத்தில் நின்றபடி. அதுவும் வேஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலக் குழந்தைப் படம் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். உடம்பில் துணி இல்லாமல், இடுப்பில் அரைஞாண் கயிறோடு, குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கும் பிள்ளை. வீட்டுக்கு வீடு அந்தப் படம் இருக்கும். அது எப்போது எடுத்தது? பிள்ளை தானாகக் குப்புற விழுந்து, தானாகத் தலையைத் தூக்கிய பிறகு. அதாவது நாலைந்து மாதம் ஆன பிறகு. பிள்ளையின் உடம்பு ஒன்றைச் செய்தது. படம் அதைப் பதிவு செய்தது. அவ்வளவுதான்.

இப்போது நடப்பது தலைகீழ். கழுத்து நிற்காத பிள்ளையின் தலையை நிறுத்துகிறோம். உட்காராத பிள்ளையை வாளிக்குள் உட்கார வைக்கிறோம். படம் என்ன கேட்கிறதோ அதைப் பிள்ளையின் உடம்பு செய்தாக வேண்டும்.

முதலில் அந்த 5 நாள் முதல் 14 நாள் கணக்கைப் பார்ப்போம். ஏன் அந்த நாட்கள் என்று ஸ்டூடியோக்காரரைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார். அந்த நாட்களில்தான் குழந்தை அசந்து தூங்கும். கர்ப்பத்தில் சுருண்டிருந்த மாதிரியே சுருண்டு கிடக்கும். கையை இப்படி வை, காலை அப்படி மடக்கு என்றால் மடங்கும். இரண்டு வாரம் தாண்டினால் விழித்துக்கொள்ளும், உதைக்கும், சொன்னபடி கிடக்காது. சுருக்கமாகச் சொன்னால், மறுப்புத் தெரிவிக்கத் தெம்பு இல்லாத நாட்கள்.

அதே நாட்களில் அந்தக் குழந்தைக்கு வேறு என்னென்ன நடக்கிறது தெரியுமா? தொப்புள்கொடி இன்னும் விழுந்திருக்காது, அல்லது அப்போதுதான் விழுந்திருக்கும். பிறந்ததும் குறைந்த எடை மெல்லத் திரும்பி ஏறும். மஞ்சள் காமாலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டிய நாட்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். குடிக்கக் குடிக்கத்தான் தாய்க்குச் சுரப்பு நிலைக்கும். பச்சைக் குழந்தைக்குக் குளிரில் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. துணியை அவிழ்த்துப் போட்டால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்காக ஸ்டூடியோவில் ஹீட்டர் வைக்கிறார்கள். அந்தச் சூடு அதிகமானாலும் "புழுக்கமாக இருக்கிறது" என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போடுகிறார்கள். அடுத்த தடுப்பூசி 6 வாரத்தில். கக்குவான் இருமலுக்கான முதல் ஊசியே அப்போதுதான். தடுப்பூசிக்குக்கூட 6 வாரம் கழித்துத்தான் பிள்ளையைத் தூக்கி வரச் சொல்கிறார்கள். நாட்டின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். எடை, சூடு, பால் குடிப்பது எல்லாவற்றையும் பிள்ளை இருக்கும் இடத்திலேயே பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. நம் பாட்டிமார்களும் 40 நாள் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. தீட்டு என்ற பேச்சு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் 40 நாள் அவளை விடுங்கள், பிள்ளையை விடுங்கள் என்ற அந்தக் கணக்கில் மருத்துவம் இருந்தது. தீட்டை விட்டுத் தொலைத்தோம், சரி. கூடவே ஓய்வையும் ஏன் விட்டோம்?

அடுத்து அந்தப் படங்களில் வரும் நிலைகள். குழந்தை இரண்டு உள்ளங்கைகளிலும் முகவாயைத் தாங்கி, தவளை மாதிரி உட்கார்ந்து தூங்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பச்சைக் குழந்தையும் அப்படி உட்காராது. அது ஒரே படம் இல்லை, இரண்டு படம். ஒன்றில் உதவியாளர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒட்டி, பிடித்த கையை அழித்துவிடுவார்கள். தொழில் முறையாகக் கற்றவர்களுக்கு இது தெரியும். முடிந்த படத்தை மட்டும் இன்ஸ்டாகிராமில் பார்த்துத் தொழிலுக்கு வந்த தம்பிகள் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் நிஜமாகவே பிள்ளையை அப்படி உட்கார வைக்கப் பார்க்கிறார்கள்.

கூடைக்குள் வைத்தால் முகவாய் நெஞ்சில் இடிக்கும்படி தலை சாயும். பச்சைக் குழந்தைக்கு அந்த நிலையில் மூச்சுப் பாதை அடைபடலாம். சத்தம்கூட வராது. காலை நீட்டி இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தூங்கும் பிள்ளை மல்லாந்து படுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புகிறார்கள். ஸ்டூடியோவில் குப்புறப் போட்டுத் தூங்க வைத்துப் படம் எடுக்கிறார்கள்.

எங்கள் உறவில் ஒரு பெண். பெயர் வேண்டாம். சிசேரியன் ஆன 12ஆம் நாள், 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்டூடியோவுக்குக் காரில் கூட்டிப் போனார்கள். காலை 10 மணிக்குப் போனவர்கள் சாயங்காலம் 4 மணிக்குத்தான் முடித்தார்கள். பிள்ளைக்கு நாலு உடை. அழுதால் பால் கொடுத்துத் தூங்க வைப்பது, தூங்கியதும் மறுபடி உடை மாற்றுவது. தையல் போட்ட வயிற்றோடு அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஆறு மணி நேரம். அன்று ராத்திரி பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி. இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறது. ஸ்டூடியோவுக்குப் போனதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. அவர் ஒன்றுதான் கேட்டார்: "12 நாள் பிள்ளையை எதற்கு அவ்வளவு தூரம் தூக்கிப் போனீர்கள்?" கூடியிருந்த பெரியவர்கள் ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை.

அந்த ஆல்பத்தை நான் பார்த்தேன். அந்தப் பெண் பட்டுப் புடவையில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆறு மணி நேரம் அந்த முகத்தில் இருந்தது எதுவும் படத்தில் இல்லை.

போட்டோகிராபி வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு படம் பதியப் பல நொடி ஆகும். குழந்தை அதுவரை அசையாமல் இருக்காது. அதனால் அம்மா குழந்தையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். ஆனால் படத்தில் குழந்தை மட்டும்தான் தெரிய வேண்டும். அதற்காக அம்மாவின் தலையிலிருந்து கால்வரை ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். நாற்காலிக்கு உறை போட்ட மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் துணிக்கு அடியில் ஒரு ஆள் உருவம் தெரியும். அந்தப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன.

அதைப் பார்த்து "என்ன கொடுமை" என்கிறோம். நம் வீட்டில் என்ன நடக்கிறது? உங்கள் போனில் இருக்கும் கடைசி 200 படங்களைப் பாருங்கள். குழந்தை இருக்கும். அப்பா தூக்கி வைத்திருக்கும் படம் இருக்கும், ஏனென்றால் அப்பா தூக்குவது விசேஷம், அம்மா உடனே போனை எடுத்து விடுவாள். அம்மா தூக்குவது தினப்படி வேலை. அதை யார் எடுப்பார்கள்? ராத்திரி 3 மணிக்குச் சுவரில் சாய்ந்து பால் கொடுக்கும் அம்மா எந்தப் படத்திலும் இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையைக் காலில் கிடத்தி, பதமாய் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும் ஆச்சி இல்லை. துணி துவைத்துப் போட வரும் அக்கா இல்லை. துணி போட்டு மூடாமலேயே மறைத்துவிட்டோம். பிறகு 18,000 ரூபாய் கொடுத்து, மேக்கப் போட்டு, வேறு ஒரு அம்மாவைப் படத்தில் உட்கார வைக்கிறோம்.

இந்த 18,000 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தமிழக அரசு ஒரு ஏழைத் தாய்க்குக் கொடுப்பதும் மொத்தம் 18,000 ரூபாய்தான். 14,000 பணமாக, 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பக் காலத்திலும் பேறுகாலத்திலும் அவள் நன்றாகச் சாப்பிட வேண்டும், கூலி வேலைக்கு ஓடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது. ஒரு தாயையும் பிள்ளையையும் தேற்றுவதற்கு அரசாங்கம் போட்ட கணக்கும், அரை நாள் படத்துக்கு ஸ்டூடியோ போட்ட கணக்கும் ஒன்று. வசதி உள்ளவர்கள் செய்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். ஆனால் இது வசதி உள்ளவர்களோடு நிற்பதில்லை. மாமியார் வீட்டில் எடுத்தார்கள், நாத்தனாருக்கு எடுத்தார்கள் என்று சொல்லி, வளையல் அடகு வைத்து எடுக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். சீமந்தச் செலவு, பேர் வைக்கும் செலவு, காதுகுத்துச் செலவு எல்லாம் பெண் வீட்டார் தலையில் என்று இருக்கிற ஊரில் இதுவும் ஒரு சீர்வரிசையாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் 10 வருஷத்தில் "பொண்ணு வீட்டில் ஷூட் கூட எடுக்கவில்லை" என்ற ஏச்சைக் கேட்கப்போகிறோம்.

நாளைப் பற்றியும் பேச வேண்டும். நான் பிள்ளை பெற்ற காலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியைக்குப் பேறுகால விடுப்பு 90 நாள். மூன்று மாதப் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய், பால் கட்டிய மார்போடு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். அது 2011இல் 6 மாதமாகி, 2016இல் 9 மாதமாகி, 2021இல் 12 மாதமானது. தனியார் நிறுவனங்களுக்கான மகப்பேறு சட்டத்திலும் 2017இல்தான் 12 வாரம் 26 வாரமானது. ஒவ்வொரு வாரமும் பெண்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது. எதற்காக வாங்கினோம்? தாயும் பிள்ளையும் வீட்டோடு ஒன்றி நிலைப்பதற்காக. தையல் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பெண்களுக்கு இன்றும் அது எட்டாக்கனி. கிடைத்தவர்கள் அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில் கொஞ்சம் பொறுப்பு வேண்டாமா?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பாக்களின் கதை இன்னும் வருத்தம். பிள்ளை முகம் பார்க்க 20 நாள் லீவில் வருகிறார்கள். அதில் உடை வாங்க ஒரு நாள், ஷூட்டுக்கு ஒரு நாள், எந்தப் படம் ஆல்பத்தில் வரவேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு நாள். தம்பி, அந்த மூன்று நாளும் நீ பனியனோடு பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு திண்ணையில் படுத்திருந்தால், உன் வாடையும் குரலும் அதற்குப் பழகியிருக்கும். பச்சைக் குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது ஒரு முழம்கூட இல்லாத தூரம்தான். மடியில் கிடந்தால் உன் முகம் தெரியும். கேமராவுக்குப் பின்னால் நின்றால் தெரியாது.

நான் 30 வருஷத்துக்கு மேல் சின்ன வகுப்புகளில் இருந்தவள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சின்னப் பிள்ளைகள் நிலைப்பது பழக்கத்தால். அதே நேரத்தில் குளியல், அதே தூளி, அதே பாட்டு, அதே இடத்தில் சோறு. வீடு அதற்குப் பழக வேண்டும், அது வீட்டுக்குப் பழக வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காகப் பழகிய பிள்ளையை ஒரு நாள் ஊர் விட்டு ஊர் தூக்கிப் போய், வெளிச்சத்தில் கிடத்தி, நாலு உடை மாற்றினால், திரும்பத் தூக்கம் பிடிக்க நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் விழித்திருப்பவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூத்த பிள்ளையை மறந்துவிட்டோம். மூன்று வயது அக்காவுக்கு அது ஏற்கெனவே கஷ்டமான காலம். அம்மா மடி போய்விட்டது. அதைக் கொண்டுபோய் நிறுத்தி, "பாப்பாவுக்கு முத்தம் கொடு, இன்னொரு தடவை கொடு, கேமராவைப் பார்த்துக் கொடு" என்கிறோம். படம் முடிந்ததும் "தொடாதே, பாப்பா எழுந்துவிடும்" என்று விரட்டுகிறோம். அதற்கு என்ன புரியும்? வெளிச்சம் இருக்கும்போது பாசம் காட்ட வேண்டும், இல்லாதபோது தள்ளி நிற்க வேண்டும் என்று புரியும். வீட்டில் அந்தப் பிள்ளையிடம் பாப்பாவின் துணியை எடுத்து வரச் சொல்லுங்கள், பவுடர் டப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அக்கா ஆவது அப்படித்தான்.

ஒன்றாம் வகுப்பில் "உங்கள் வீட்டை வரையுங்கள்" என்று சொல்வேன். பிள்ளைகள் என்ன வரைவார்கள் தெரியுமா? அடுப்பு, தண்ணீர்க் குடம், கோழி, கயிற்றுக் கட்டிலில் தாத்தா, டி.வி. அம்மாவை வரைந்தால் கையில் கரண்டியோ துடைப்பமோ இருக்கும். ஒரே நிறச் சட்டை போட்டு வரிசையாக நிற்கும் குடும்பத்தை ஒரு பிள்ளையும் வரைந்ததில்லை. பிள்ளையின் நினைவில் வீடு என்பது நடந்துகொண்டிருக்கும் ஒன்று.

திருஷ்டிக்கு வருவோம். கன்னத்தில் கறுப்புப் பொட்டு, காலில் கறுப்புக் கயிறு, பக்கத்து வீட்டுக்காரி "கொழுகொழுன்னு இருக்கானே" என்றால் உடனே மிளகாய் சுற்றிப் போடுகிறோம். அதே கையோடு அதே பிள்ளையை முகநூலில் 800 பேருக்குக் காட்டுகிறோம். ஸ்டூடியோவில் அந்தக் கறுப்புப் பொட்டையும் கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறார்கள். எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை இல்லை. ஆனால் கெட்ட கண்கள் உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. குளிக்கும் படம், துணியில்லாத படம், பள்ளிச் சீருடையும் பள்ளிப் பெயரும் தெரியும் படம் எல்லாம் யார் கைக்குப் போகிறது, எப்படி மாற்றப்படுகிறது என்று போட்டவருக்குத் தெரியாது. நம் நாட்டில் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பெற்றோரே கடை விரித்தால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? பிரான்ஸில் 2024இல் பெற்றோரையே குறித்து ஒரு சட்டம் போட்டார்கள்: பிள்ளையின் படத்தின் மேல் பிள்ளைக்கு உரிமை உண்டு, அதைக் காப்பது பெற்றோரின் கடமை என்று. அங்கேயும் பெற்றோர் அன்பால்தான் படம் போட்டார்கள். அன்பு மட்டும் போதாது என்று தெரிந்துதான் சட்டம் வந்தது.

இனி என்னோடு சண்டைக்கு வருபவர்களுக்கு.

"எங்கள் பணம், எங்கள் பிள்ளை, உங்களுக்கு என்ன?" என்பீர்கள். பணம் உங்களுடையது, சரி. பிள்ளை உங்கள் பொறுப்பு. உங்கள் பொருள் இல்லை.

"நினைவுகள் வேண்டாமா டீச்சர்?" என்பீர்கள். வேண்டும். நடந்ததுதான் நினைவு. அந்தக் கூடையும் அந்தக் கம்பளித் தொப்பியும் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். உங்கள் பிள்ளைக்கு முன்னால் நூறு பிள்ளைகள் அதில் படுத்திருக்கிறார்கள். 20 வருஷம் கழித்து உங்கள் மகள் கேட்கப்போவது "நான் படுத்த தூளி எந்தப் புடவை?" என்றுதான்.

"உங்கள் காலத்தில் வசதி இல்லை, அந்த வயிற்றெரிச்சல்" என்றும் சிலர் சொல்வீர்கள். பரவாயில்லை. ஒரு பிலிம் ரோலில் 36 படம். அதை ஒரு வருஷம் வைத்து எடுத்தோம். அதனால் ஒவ்வொரு படத்திலும் யார், எங்கே, என்றைக்கு என்று இன்றும் சொல்ல முடிகிறது. உங்கள் போனில் இருக்கும் 20,000 படங்களில் அப்படிச் சொல்லிக் காட்டுங்கள்.

"போட்டோகிராபர் பிழைக்க வேண்டாமா?" என்பது நியாயமான கேள்வி. என்னிடம் படித்த இரண்டு பையன்கள் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். அவர்களிடமும் இதைத்தான் சொன்னேன். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகட்டும். கழுத்து நிற்கட்டும். அப்புறம் நீ அவர்கள் வீட்டுக்குப் போ. ஒரு காலைப்பொழுது ஒரு மூலையில் உட்கார். ஆச்சி குளிப்பாட்டுவதை எடு, சாம்பிராணி போடுவதை எடு, தாத்தா தூளி ஆட்டிக்கொண்டே தூங்கிப்போவதை எடு. அதற்கு நல்ல கூலி கேள். கொடுக்காதவர்களிடம் நானே பேசுகிறேன். ஒரு பையன் சிரித்தான். இன்னொருவன், "டீச்சர், அதுதான் கஷ்டமான வேலை" என்றான். கஷ்டமான வேலைக்குத்தானே அப்பா கூலி?

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகக் கூடாது. என்ன செய்யலாம் என்று என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

1. முதல் 40 நாள் பிள்ளையைப் படத்துக்காக வாசல் தாண்ட விடாதீர்கள். படம் வேண்டுமென்றால் காலையில் ஜன்னல் பக்கம் கிடத்தி போனிலேயே எடுங்கள். பிளாஷ் வேண்டாம், கூடை வேண்டாம், தொப்பி வேண்டாம். தூங்கினால் தூங்கும் படம், அழுதால் அழும் படம்.

2. அந்த 18,000 ரூபாயில் ஒரு மாதம், இரண்டு மாதம் வீட்டு வேலைக்கு ஓர் ஆளை வையுங்கள். சமையலும் துணியும் பாத்திரமும் அவர் பார்க்கட்டும். பிள்ளை பெற்றவள் தூங்கட்டும். அவள் தூங்கி எழுந்த முகத்தைப் படம் எடுத்தால் மேக்கப் தேவைப்படாது. பெண் குழந்தை என்றால் மிச்சத்தில் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்குங்கள். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும்.

3. மாதக் கணக்குப் படி படம் வேண்டாம். பிள்ளையின் கணக்குப் படி எடுங்கள். குப்புற விழுந்த அன்று, நிலைப்படி தாண்டிய அன்று, முதல் அடி வைத்த அன்று. அந்த நாட்களில் ஏதாவது பலகாரம் செய்து பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பது நம் வழக்கம்தானே. அதையும் சேர்த்து எடுங்கள்.

4. பத்துப் படத்தை அச்சுப் போட்டு வையுங்கள். பின்னால் பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். போன் தொலையும், பாஸ்வேர்டு மறக்கும். நான் பார்த்த வீடுகளில் வெள்ளத்துக்கும் தப்பி நின்றவை சுவரில் உயரத்தில் மாட்டிய படங்கள்தான்.

5. அம்மா சிரிக்கும் படத்தை மட்டும் பார்த்து "நன்றாக இருக்கிறாள்" என்று முடிவு கட்டாதீர்கள். பிள்ளை பெற்ற பின் வரும் மனச்சோர்வு நிஜம். காரணமில்லாமல் அழுகிறாள், தூக்கம் வரவில்லை என்கிறாள், பிள்ளையைத் தொடவே பயப்படுகிறாள் என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதற்காக வாசல் தாண்டலாம். 40 நாள் கணக்கு அதற்குக் கிடையாது.

6. இன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் யார் எப்போதும் படம் எடுப்பவர், அதனால் யார் எந்தப் படத்திலும் இல்லாதவர் என்று பாருங்கள். பெரும்பாலும் அம்மாவாக இருக்கும், இல்லையென்றால் பாட்டியாக இருக்கும். அவர் கையில் இருக்கும் போனை வாங்குங்கள். புடவை மாற்றச் சொல்லாதீர்கள். எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். என்ன வேலையில் இருக்கிறாரோ அப்படியே ஒரு படம் எடுங்கள். எடுத்து முடித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு, அந்த வேலையில் பாதியை நீங்கள் செய்யுங்கள்.

இதில் தவறு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன். சரி என்று பட்டால், வீட்டில் பேறுகாலம் வரப்போகும் யாருக்காவது அனுப்புங்கள். முக்கியமாக, செலவுக்குத் தலையாட்டும் அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும்.